ஸ்பேனரும் சகலையின் பன்னிரண்டு மெஷின்களும்

ஆற்றுக்கு இக்கரையில் இருந்த மாவட்ட மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. பணி ஆணையில் அவர் ‘இயந்திரப் பராமரிப்பாளர், இரண்டாம் நிலை’. வார்டில் வெறும் ‘ஸ்பேனர்’. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைக்கும் இடத்தில் அவருடைய சின்ன ஸ்பேனர் ஒன்று எந்நேரமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர்.

எந்தப் பள்ளியும் அவருக்கு அந்தத் தொழிலைக் கற்றுத் தரவில்லை. பழைய கையேடுகளை முதலில் படம் பார்த்தும், பிறகு அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டும் படித்தார். கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்து, தேறினார். மருத்துவமனைக்கு வந்த சுற்றறிக்கைகளின் பிரதிகளைத் துளையிட்டுக் கோப்பில் சேர்ப்பது அவருடைய இன்னொரு பழக்கம். “நம்ம வீட்டுக் குப்பைத் தொட்டி பாவம், பட்டினி கிடக்குது” என்று மனைவி கேலி செய்வாள்.

அவர் பொறுப்பில் இருந்தது சிறுநீரகப் பிரிவு. நீண்ட ஒரு அறை, பச்சைத் திரைச்சீலைகள், மூன்று டயாலிசிஸ் இயந்திரங்கள். மூன்றில் இரண்டு ஓடின; மூன்றாவது மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. வாரம் மூன்று முறை அங்கு வந்து படுத்தவர்களில் அவருடைய மனைவியும் ஒருத்தி. அவளுடைய இரத்தம் வெளியே வந்து, சுத்தமாகி, திரும்பி உள்ளே போகிற இயந்திரத்தை அவரே கழுவினார், அவரே திருகினார், அவரே காதை வைத்துக் கேட்டார். மற்றக் கணவன்மார் சம்பளத்தால் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். அவர் கையால் காப்பாற்றினார். இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, நடையிலேயே தெரியும்.

ஆற்றுக்கு அக்கரை வேறு மாகாணம். பாலத்தைத் தாண்டினால் வேறு கொடி, வேறு முதலமைச்சர், வேறு நிறத்தில் பேருந்து. அங்கேயும் ஒரு மாவட்ட மருத்துவமனை இருந்தது. அதன் ஸ்டோர் கீப்பர், மனைவியின் அக்காளைக் கட்டியவர், அதாவது இவருடைய சகலை.

இருவருக்குமான கணக்கு மாமனார் வீட்டில் தொடங்கியது. அந்த வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான். பெரிய மாப்பிள்ளை வந்தால் நாற்காலி அவருக்கு. சின்ன மாப்பிள்ளைக்கு ஸ்டூல். மாமனாரும் போய், வீடும் விற்றுப் போய், நாற்காலி எந்த அடுப்புக்கு விறகானதோ தெரியாது. இவருடைய முதுகு மட்டும் அந்த ஸ்டூலை மறக்கவில்லை. சகலை வீடு கட்டியபோதும், சகலையின் மகள் வெளிநாட்டில் படிக்கப் போனபோதும், “நல்லா இருக்கட்டும்” என்று உதடு சொல்லும்; முதுகு வலிக்கும்.

இப்படியிருக்கையில்தான் தேசிய அரசுக்கும் மாகாணங்களுக்கும் மருத்துவ நிதி பற்றிய சண்டை மூண்டது. மருத்துவமனை நடத்துவது மாகாணங்களின் பொறுப்பு; வரியில் பெரும்பங்கை வசூலிப்பது தேசிய அரசு. வசூலித்ததைத் திருப்பித் தருவதற்கு இனி மூன்று நிபந்தனைகள் என்றது தேசிய அரசு: குழு வந்து பார்க்கும்; தேவை எங்கே அதிகமோ அங்கே கொடுக்கும்; கொடுத்த இடத்தில் தேசிய சின்னம் பொறித்த பலகை தொங்க வேண்டும். அக்கரை முதலமைச்சர் தேசிய அரசின் கட்சிக்காரர். முதல் நாளே ஒப்புக்கொண்டார். இக்கரை முதலமைச்சர் எதிர்க்கட்சி. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுங்கள், பலகையும் வேண்டாம் பரிசோதனையும் வேண்டாம் என்றார்.

அந்தச் சண்டை வீடுவரை வந்தது. தங்கையைப் பார்க்க வந்திருந்த சகலையும் அவர் மனைவியும் தேநீருக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்காளுக்கு வீராப்பு ஜாஸ்தி சகலை” என்று ஆரம்பித்தார் பெரியவர்.

“வீராப்பு இல்ல, உரிமை. எங்க வரிப்பணத்தைத் தர்றதுக்கு எங்களுக்கே பரீட்சையா?”

“உரிமையைச் சிரிஞ்சுல ஏத்தி ஊசி போட முடியுமா? எங்காளு பாருங்க, நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டுட்டாரு.”

“நீட்டின இடத்துல எல்லாம் போடுறதுக்கு முதலமைச்சர் எதுக்கு? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே.”

சகலையின் மனைவி வாயைப் பொத்திச் சிரித்தாள். சகலை தேநீரை மெல்ல உறிஞ்சினார். “அழுத பிள்ளைக்குத்தான் பால். நீங்க அழ மாட்டீங்க. அழுதா அசிங்கம்னு நினைக்கிற குடும்பம்.”

“அழுது வாங்குன பால் செரிக்காது” என்றார் ஸ்பேனர்.

“பசிச்சா செரிக்கும்.”

“போதும் மாமா” என்று மனைவி குறுக்கே வந்தாள். “வார்டுல படுத்திருக்கிறது நான். ரெண்டு முதலமைச்சருக்கும் கிட்னி நல்லாத்தான் இருக்குது.”

இழுபறிக்குப் பின் இக்கரை அரசு இறங்கி வந்து குழுவை மட்டும் அனுமதித்தது. கூடவே மாகாண மருத்துவத் துறை இயக்குநரின் சுற்றறிக்கை வந்தது. நாம் கேட்பது சலுகையல்ல, நம் பங்கு. நம் மருத்துவமனைகள் திறம்பட நடக்கின்றன என்பதைக் குழு கண்ணால் காண வேண்டும். ஆகவே எல்லாக் கருவிகளும் இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். தேவையைப் பார்த்துக் கொடுக்க வருகிறவர்களிடம் தேவையே இல்லை என்று காட்டச் சொல்லும் ஆணை அது. அதிலிருந்த முரண்பாடு அன்று ஒருவர் கண்ணிலும் படவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டித்தானே பழக்கம்? நடைகூடத்தில் படுத்திருந்தவர்களைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஒழுகிய குழாய்க்கு அடியில் வைத்திருந்த வாளியைக்கூடத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்தார்கள்.

தலைமைச் செவிலி ஒருத்திதான் மூலையில் கிடந்த மூன்றாவது இயந்திரத்தைக் காட்டிச் சொன்னாள்: “அதை அப்படியே விடுங்க ஸ்பேனர். துணியை மட்டும் எடுத்துடுங்க. அவங்களா பாக்கட்டும்.”

“செத்ததைக் காட்டச் சொல்றீங்களா சிஸ்டர்?”

“செத்தது செத்ததாவே இருந்தா என்ன குறை?”

குறை இருந்தது. குழு மறுநாள் அக்கரைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். சகலையின் ஸ்டோரில் துருப்பிடித்துக் குவிந்திருப்பதைப் பார்க்கும்போது, ‘ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவன் இதே பழசை எப்படி வைத்திருக்கிறான்!’ என்று அவர்கள் பேசிக்கொள்ள வேண்டும்; அதைச் சகலை காது குளிரக் கேட்க வேண்டும், இல்லை, காது கருகக் கேட்க வேண்டும். கிடைத்தற்கரிய வாய்ப்பு. நன்றாக ஓடிய முதல் இயந்திரத்திலிருந்து பம்ப்பைக் கழற்றி, தேய்ந்த பழைய பம்ப்பை அதற்கு மாட்டினார். இரண்டாவதிலிருந்து மின்பலகையை எடுத்து, தானே பற்றவைத்த ஒன்றை அங்கே வைத்தார். எடுத்தவை மூன்றாவதற்குப் போயின. அன்று மூன்றும் ஓடின.

குழுவின் தலைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “மூணும் ஓடுதா?”

இயக்குநர் வாயைத் திறக்குமுன் ஸ்பேனர் பதில் சொன்னார். “ஓடுது மேடம். நம்ம கை பட்டா ஓடாம என்ன பண்ணும்?”

தலைவி சிரித்தார், எழுதிக்கொண்டார். இயக்குநர் முதுகில் தட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்த அதே முதுகு.

இரண்டு நாள் கழித்துச் சகலை தொலைபேசியில் அழைத்தார். குரலிலேயே சிரிப்பு கொப்பளித்தது.

“வந்தாங்க சகலை, பாத்தாங்க, போனாங்க. எங்க பெரிய டாக்டர் கில்லாடி. நல்லா இருந்த கட்டிலையும் ஸ்டோர்ல பூட்டச் சொல்லிட்டாரு. உடைஞ்சதை எல்லாம் வெளிய பரப்பிட்டோம். ‘விருந்துக்கு வர்றவனுக்குத்தான் வீட்டைக் கூட்டணும், தர்மம் பண்ண வர்றவனுக்குக் கூட்டக் கூடாது’ன்னாரு. அந்தம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போச்சு. நீங்க எப்படி?”

“எங்களுது எல்லாம் ஓடுச்சு” என்றார் ஸ்பேனர்.

“அய்யய்யோ” என்றார் சகலை. அது பரிதாபமா பரிகாசமா என்று அன்று இரவு முழுவதும் புரண்டு பார்த்தும் ஸ்பேனருக்குப் பிடிபடவில்லை.

அறிக்கை வந்தது. அக்கரைக்குப் பன்னிரண்டு புதிய இயந்திரங்கள். இக்கரைக்கு ஒரு வரி: ‘தற்போதுள்ள வசதி போதுமானது.’ இக்கரை அமைச்சர் இது பழிவாங்கல் என்று முழங்கினார். ‘எல்லாம் ஓடுகிறது என்று காட்டியது உங்கள் ஆட்கள்தானே’ என்று தேசிய அமைச்சர் திருப்பிக் கேட்டார். செய்தித்தாளில் அதைப் படித்தபோது, தேசிய அமைச்சர் இவருடைய சட்டைப்பையிலிருந்த ஸ்பேனரையே விரல் நீட்டிக் காட்டுவதுபோல் இருந்தது இவருக்கு.

உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்ற கதையாயிற்று அதன் பிறகு. பற்றவைத்த பலகை முதலில் கருகியது. அதோடு இரண்டாவது இயந்திரம் போயிற்று. இரவல் பம்ப் மூன்றாவதின் பழைய உடம்பில் ஒட்டாமல் நின்றது. அதை மீட்டுப் பழையபடி முதலாவதில் பொருத்தி, அந்த ஒன்றை மட்டும் ஓட வைத்தார். அத்தனை பேருக்கும் ஒன்று. வாரம் மூன்று முறை என்பது ஒன்றாகச் சுருங்கியது. மனைவியின் பாதம் வீங்கி, செருப்பின் வார் தடம் விழுந்தது. படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

சிறுநீரகப் பிரிவின் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “அக்கரைக்கு அனுப்புங்க. இந்த வாரமே.”

அங்கேயும் ஒரு கொக்கி இருந்தது. நிதி அந்த மாகாணத்து நோயாளிகளின் தேவைக்கென்று வந்தது. வெளி மாகாணத்தவருக்குச் சிகிச்சை இல்லை. சிகிச்சை வேண்டுமென்றால் அங்கே குடியிருப்பவர் என்று மருத்துவ அட்டை வேண்டும். அட்டையில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். அதில் சகலையின் பெயரை எழுத வேண்டும். இங்குள்ள அட்டையில் அவள் பெயரை நீக்க இவர் சம்மதித்துக் கையொப்பமிட வேண்டும்.

“முடியாது” என்றார்.

“ஏன்?” என்றாள் மனைவி.

“ஏன்னா கேக்குற? என் பொண்டாட்டிக்கு அவன் குடும்பத் தலைவனா?”

“அவன் இவன்னு பேசாதீங்க. வயசுல பெரியவரு.” மனைவி வீங்கிய காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டாள். “அட்டையில பேரு போனா ஆளும் போயிடுமா? உங்க கோப்புல நம்ம கல்யாணப் பத்திரம் பத்திரமாத்தானே இருக்கு?”

“இருக்கு.”

“அப்ப அது ஒரு பக்கம் இருக்கட்டும், இது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு மூச்சு வாங்குதுங்க.”

கையொப்பமிட்டார். எழுத்து கோணலாக விழுந்தது. பாலத்தைக் கடந்த பேருந்தில் அவளுடைய பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சகலையின் வாசலில் அதைச் சகலை வாங்கிக்கொண்டார். “வாம்மா, உன் வீடு மாதிரி நினைச்சுக்க.” அந்த ‘உன் வீடு’ ஸ்பேனரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மறுநாள் சகலை வார்டைச் சுற்றிக் காட்டினார். கதவுக்கு மேலே தேசிய சின்னப் பலகை. உள்ளே இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு இயந்திரங்கள், வெள்ளை வெளேரென்று, கல்யாண வீட்டில் வரவேற்க நிற்கும் பெண்களைப்போல. “தொட்டுப் பாருங்க சகலை, சும்மா தொடுங்க” என்றார் பெரியவர். ஸ்பேனர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மனைவி படுத்தாள். செவிலி திரையில் விரலால் ஏதோ தொட்டாள். இரத்தம் ஓடத் தொடங்கியது. ஸ்பேனர் பழக்கதோஷத்தில் குனிந்து காதை வைத்தார். சத்தமே இல்லை. தட்டிப் பார்க்க ஒரு மூடி இல்லை, இறுக்கிப் பார்க்க ஒரு திருகு இல்லை.

“நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா” என்றாள் செவிலி.

“சும்மா இருங்க. இது நல்லாவே ஓடுது” என்றாள் மனைவி, கண்ணை மூடியபடி. அவள் முகத்தில் பல வாரமாக இல்லாத நிம்மதி.

அந்த நிம்மதிக்காகத்தான் கையொப்பமிட்டார். ஆனால் அதைத் தந்தது தன் கையல்ல என்பதை அந்த இடத்தில் நின்றுகொண்டு தாங்க முடியவில்லை. நாற்காலி போகட்டும், வீடு போகட்டும், வெளிநாட்டுப் படிப்பு போகட்டும். இதுவும் போயிற்றே என்று தோன்றியது. சகலைமேல் பொறாமைப்பட்டாவது பழகியிருந்தது. ஒரு வெள்ளைப் பெட்டிமேல் பொறாமைப்படுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே வந்து, குடிநீர்க் குழாயடியில் நின்று, வேண்டாமலே முகத்தைக் கழுவினார்.

வாரக் கடைசிகளில் போய்ப் பார்த்தார். மூன்றாவது முறை போனபோது, சகலை அவரை வாசலிலேயே மறித்துத் தெருமுனைக்கு அழைத்துப் போனார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“உங்க சம்சாரத்துக்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க சகலை. காலையில எழுந்தா ‘அவரு அந்த பம்ப்பை எப்படி ரிப்பேர் பண்ணாரு தெரியுமா’. ராத்திரி சாப்பிட உக்காந்தா ‘அவரு காதை வச்சே சொல்லிடுவாரு’. என் வீட்டு மிக்ஸி நின்னு போச்சு, நான் கடைக்குக் கொண்டு போறேன்னேன். என் பொண்டாட்டி சொல்றா: ‘தங்கச்சி வீட்டுக்காரரா இருந்தா கையாலயே முடிச்சிருப்பாரு.’ முப்பது வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவ சொல்றா!”

“அடடா” என்றார் ஸ்பேனர். திரும்பும் பேருந்தில் அவருக்குச் சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. காற்று இதமாக அடித்தது. அந்த ‘அடடா’வை நாக்கில் வைத்து மிட்டாய்போலச் சப்பிக்கொண்டே வீடு சேர்ந்தார்.

தேர்தல் நெருங்கியதும் இரு அரசுகளும் கொஞ்சம் இறங்கி வந்தன. இக்கரைக்கு இரண்டு இயந்திரங்கள் வந்தன, மரப்பெட்டிகளில். வந்ததும் அடுத்த சண்டை. வாசற்பலகையில் தேசிய சின்னம் மேலேயா, மாகாணச் சின்னம் மேலேயா? பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்றால், இடப்பக்கம் யார்? முடிவாகும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்று இயக்குநரிடமிருந்து ஆணை. அதுவும் கோப்பில் ஏறியது. பொருத்துவதற்கு வந்த கம்பெனிப் பொறியாளர் விடுதியில் தூங்கிவிட்டுத் திரும்பிப் போனார். பழைய இயந்திரத்தில் படுத்திருந்த தையல்காரர் ஒருவர் பெட்டிகளைப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு சின்னத்தையும் என் நெத்தியில ஒட்டிக்கிறேன் ஸ்பேனர். திறக்கச் சொல்லுங்க.”

அடுத்த வாரம் தையல்காரர் வரவில்லை. வீட்டிலேயே மூச்சு நின்றுவிட்டது என்று அவர் மகள் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று டாக்டரம்மா கம்பெனிப் பொறியாளரைத் தன் பொறுப்பில் திரும்ப வரவழைத்தார். ஸ்பேனர் கடப்பாரையை எடுத்துவந்து பெட்டியின் முதல் ஆணியைப் பிடுங்கினார்.

“உத்தரவு வந்துடுச்சா?” என்றாள் தலைமைச் செவிலி.

“வரும். மெமோவா வரும். கோப்புல இடம் இருக்கு.”

இயந்திரம் வெளியே வந்தது, இடமும் பிடித்தது. ஆனால் அதன் தண்ணீர்க் குழாய் சுவரிலிருந்த பழைய குழாயின் வாயோடு பொருந்தவில்லை. நடுவே ஒரு இணைப்பு வேண்டும். முறைப்படி கேட்டால் பலகைச் சண்டை முடிந்த பிறகுதான் வரும். பொறியாளர் கையை விரித்தார்: “அக்கரையில இதே பிரச்சினைதான் சார். அவங்க ஸ்டோர்ல ஒரு பெட்டி நிறைய மீதி இருக்கு.”

அக்கரை ஸ்டோர். ஸ்பேனர் தொலைபேசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரிடம் வாய் திறந்து ஒரு பொருள் கேட்டதில்லை. அதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொத்து.

“சகலை, எனக்கு ரெண்டு குழாய் இணைப்பு வேணும்.”

“என்ன சொன்னீங்க? லைன் சரியில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க.”

லைன் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. ஸ்பேனர் கண்ணை மூடிக்கொண்டார். “ரெண்டு இணைப்பு வேணும் சகலை. உங்க கையிலதான் இருக்கு. அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்.”

“காலையில வர்றேன்” என்று மட்டும் பதில் வந்தது.

வந்தார். ஒரு கையில் இணைப்புப் பை, மறு கையில் ஸ்பேனர் மனைவியின் பை. பலகை இல்லாத அந்த வாசல் வழியாக மனைவி நுழைந்து, தன் பழைய இடத்தில், புதிய இயந்திரத்தின் பக்கத்தில் படுத்தாள். ஸ்பேனர் இணைப்பைத் திருகி, ஒரு சொட்டும் கசியவில்லை என்று விரல் வைத்துப் பார்த்தார். பொறியாளர் சோதித்து முடித்துத் தலையசைத்தார். டாக்டரம்மா பொத்தானை அழுத்தினார். மனைவி கண்ணை மூடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வார்டில் இருந்தது அது ஒன்றுதான். தொண்டையைச் செருமினார்.

“எங்க பன்னிரண்டுல ரெண்டு நின்னு போச்சு சகலை. பலகை குடுத்தாங்க, மெஷின் குடுத்தாங்க, பாத்துக்க ஆள் குடுக்கல. நீங்க ஒரு நடை வந்து பாத்தீங்கன்னா…”

ஸ்பேனர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, காதருகே கையைக் குவித்தார்.

“மெஷின் சத்தத்துல சரியா கேக்கல சகலை. இன்னொரு தடவை சொல்லுங்க.”

புதிய இயந்திரம் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.